இன்ஸ்பெக்டரும் மணல் தொட்டியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பூனை மூத்திரத்தில் பிறந்தது. கொஞ்சம் கௌரவமான பிறப்பிடம் தேடி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், அகப்படவில்லை.

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அந்தத் தையல்காரி...' (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2

ஒரு தையல்காரி. புருஷன் பஸ் டிரைவர். வாசற்படி தாண்டாத ஒரு பூனை, பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர். குளியலறையில் அது ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகவென்று வாசல் வைத்த மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மூன்று விரல் உயரத்துக்கு மணல். காலையும் மாலையும் அவள் மூத்திரத்தில் இறுகிய மணல் கட்டிகளைச் சலித்து அள்ளுவாள். இன்ஸ்பெக்டர் வருவார், மோந்து பார்ப்பார், முகம் சுளிப்பார், நேராகப் போய் யாரோ தைக்கக் கொடுத்த கோட்டின் மேல் காரியத்தை முடிப்பார்.

"இன்னொரு துணி நாசமாச்சுன்னா ஞாயித்துக்கிழமை இதை என் தங்கச்சி வீட்டுல விட்டுடுவேன்" என்றான் டிரைவர்.

"ஐயோ, இது இல்லாம என்னால இருக்க முடியாதுங்க."

(இந்த இடத்தில் டிரைவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.)

3

அவள் தொட்டியின் மூடியைக் கழற்றினாள். வாஷிங் மெஷினை விட்டுத் தள்ளி வைத்தாள். பலனில்லை. சனிக்கிழமை மண்டியிட்டு, மணலில் மூக்கை வைத்தாள். எலுமிச்சை வாசனை! தரை துடைக்கும் லோஷனை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அந்த வாசனைக்கு எந்தப் பூனை கால் வைக்கும்?

முடிவு அ: நாற்றம் போகட்டும் என்று டிரைவர் நல்லெண்ணத்தில் ஊற்றினான். இருவரும் சிரித்தார்கள்.

முடிவு ஆ: தெரிந்தேதான் ஊற்றினான். முன்பெல்லாம் சாப்பிடும்போது தன்னிடம் பேசியவள், இப்போது அன்றைய கதையை எல்லாம் இன்ஸ்பெக்டரிடம்தான் சொல்கிறாள்.

4

டிரைவர் என்று யாரும் இல்லை. அந்தத் தையல்காரியின் புருஷன் நான்தான். எனக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. முடிவு ஆ தான் நடந்தது. நிஜத்தில் அவள் இன்னும் மணலை மோந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாளை ஞாயிறு. பூனையைக் கொண்டுபோகக் கூடை தயார். வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதுவதை அவள்தான் முதலில் படிப்பாள். முதல் மூன்று பகுதிகளை இப்போதுதான் கொடுத்தேன். "உங்க டிரைவர் சரியான ஆளுங்க!" என்று சிரித்தாள். கடைசித் தாளில் சிரிப்பு நின்றது. எழுந்து குளியலறைக்குப் போனாள். தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. இப்போது எந்தச் சத்தமும் இல்லை.

இந்த நான்காவது தாளை அவள் கையில் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவு திறக்கிறது.