ஒற்றைப் பட்டன் டார்ச்

"நெருப்பு, நெருப்பு" என்று பக்கத்துக் கடையில் பிருந்தா அலறியதும், கையிலிருந்த சால்டரிங் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். ராஜகோபால் அண்ணனின் ஜவுளிக் கடையில், பட்டுப் புடவை அடுக்கின் இடுக்கில் சிவப்பாக ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தண்ணீர் கேனையே தூக்கிவிட்டார். பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

நெருப்பு இல்லை. நான் செய்து கொடுத்த டார்ச்.

"நாலு தடவ அமுக்கினேண்ணா, அது பாட்டுக்குத் துடிக்குது. பயந்து போட்டுட்டேன்" என்றாள் பிருந்தா. அந்தக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள் அவள்.

"நாலுன்னா அபாய விளக்கு. உனக்கு வேண்டியது ரெண்டு. அப்புறம் அமுக்கிப் புடிக்கணும்."

"துணிக் கடையில இன்னாண்ணா அபாயம்?"

தண்ணீர் கேனைக் கீழே இறக்கி வைத்தேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் பட்டு வாங்க வருகிறவர்கள் கடை விளக்கை நம்புவதில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். "வாசலுக்குப் போற புடவையில பாதி விக்கறதில்லப்பா" என்று அண்ணன் ஒருநாள் புலம்பினார். தூசிதான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டி, வெயிலைக் கடைக்குள் கொண்டுவரக் கிளம்பினேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். கலக்கிற விதத்தில் கலந்தால் வெயிலும் வரும், கல்யாண மண்டப மேடையும் வரும்.

கலவையில் குறை இல்லை. கலக்கும் பட்டனில்தான் என் புத்தி முழுவதையும் கொட்டிவிட்டேன். ஒரே ஒரு பட்டன். ஒருமுறை அமுக்கினால் எரியும். இருமுறை அமுக்கினால் நிறம் மாறும். அமுக்கிப் பிடித்தால் கலவை நகரும். விட்டு உடனே பிடித்தால் வந்த வழியே திரும்பும். மூன்று முறை என்றால் பூட்டிக்கொள்ளும். டார்ச் பைத்தியங்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு பின்லாந்துக்காரர் இதை எளிமையின் உச்சம் என்று பாராட்டியிருந்தார். அவர் அங்கே பட்டுப் புடவை விற்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன் டார்ச்சைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கி என்னிடம் கொடுத்தார்.

"சாயங்காலம் வள்ளியம்மாள் வீட்ல முகூர்த்தப் புடவை எடுக்க வர்றாங்க. மழை வேற வரும்போல இருக்குது. அதுக்குள்ள பிருந்தா கைக்கு அடங்கற மாதிரி கொண்டா. இல்லன்னா உட்டுடு உசைரு."

விட்டுவிட முடியாது. சென்னை வேலையை உதறிவிட்டு இந்த டார்ச்சில் இறங்கியவன் நான். பழைய கம்பெனி, "உசைர், திரும்பி வா" என்று கூப்பிட்டிருந்தது. இன்றைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒரு கடையாவது டார்ச்சை வாங்கினால் செஞ்சி, இல்லாவிட்டால் தாம்பரத்தில் ஹாஸ்டல் கட்டில். இது எனக்கும் என் மனைவி நஜ்மாவுக்கும் ஒப்பந்தம். அவள் இங்கே பள்ளி ஆசிரியை. தாம்பரத்துக்கு வரமாட்டாள்.

வீட்டில் நஜ்மா டார்ச்சை வாங்கி அடுத்தடுத்து அமுக்கினாள். பூட்டிக்கொண்டது. எப்படித் திறப்பது என்று எனக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"இன்னாங்க இது, பட்டனா பரீட்சையா? வெயிலுக்கு ஒண்ணு, மண்டபத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெச்சா ஆவாதா?"

"மிக்சி மாதிரி இருக்கும்."

"மிக்சியப் பார்த்து எவளும் நெருப்புன்னு கத்தலியே."

உட்கார்ந்து இன்னொரு துளை போட்டேன். ஒரு பட்டனுக்கு மேலே நஜ்மா சூரியன் வரைந்தாள், மற்றதற்கு மேலே வாழைமரம். எதை அமுக்கிப் பிடிக்கிறோமோ வெளிச்சம் அந்தப் பக்கம் கலந்துகொண்டே போகும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். நான் எழுதிய புரோகிராமில் முக்கால்வாசியை அழித்தாயிற்று. அதனால் டார்ச்சுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதுதான் வலித்தது.

சாயங்காலம் நல்ல மழை. கல்யாணப் பெண்ணான மகளோடு வந்த வள்ளியம்மாள் அரக்குப் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிருந்தா கொஞ்சமும் தடுமாறாமல் சூரியனை அமுக்கினாள். கடைக்குள் வெயில் அடித்தது.

அரக்கு, செங்கல் நிறமானது.

"இன்னாம்மா, வெளுத்த மாதிரி இருக்குது. வேற காட்டு."

மயில்கழுத்து வந்தது. வெயிலில் அது பாசி பிடித்த குளமானது. "வாசல்ல பார்த்தா எப்படியோ, அப்படியே இந்த டார்ச் காட்டும்மா" என்று நான் ஒவ்வொரு புடவைக்கும் பக்கத்தில் நின்று விளக்கினேன். அண்ணன் இருமினார். சந்தோஷத்தை அடக்குகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாக விளக்கினேன். ஒதுக்கிய புடவைகள் குவிந்தபின், அவரே எழுந்து வந்து டார்ச்சைப் பிடுங்கி வாழைமரத்தை அமுக்கிப் பிடித்தார்.

ஒதுக்கிய அரக்கு சிவந்து எழுந்தது. ஜரிகை மின்னியது.

"மேடையில இப்படியா இருக்கும்?" என்றார் வள்ளியம்மாள்.

"இதேதான்மா. மண்டப லைட்ட வெச்சுத்தான் கலந்தேன்" என்றேன். அது உண்மையும்கூட.

மகள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கவே இல்லை. பில் போட்டார்கள், ஆட்டோ பிடித்துப் போனார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தாம்பரமா செஞ்சியா என்று தெரியாமல் அண்ணன் முகத்தையே பார்த்தேன். அவர் டார்ச்சைத் துண்டால் துடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"அனந்தபுரத்துல இருக்கற நம்ம இன்னொரு கடைக்கும் சேர்த்துப் பத்து போடு உசைரு. அந்த வெயில் பட்டன மட்டும் எடுத்துடு."