தட்டிவிட்டுத் திறப்பவர்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் அக்கா வீட்டுக்காரருடையது. நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அத்தான் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்க்கிறார். போன ஈஸ்டர் அன்று நடந்ததை வருடம் முழுக்க மென்று விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, இந்த வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் பாதி சொன்னார். சபை இதழுக்கு ஒரு ஈஸ்டர் கதை தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிக் கதை கிடைத்ததும் கை அரித்தது. ("எழுதிக்கோ. முடிவை எழுதினதும் எங்கிட்ட காட்டு" என்றார். அப்போது அது மிரட்டலாகத் தெரியவில்லை.)

2.

முதல் தொடக்கம்: "குளிரறையின் வாசலில் மரணம் ஒரு"

வேண்டாம். அத்தான் மரணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. ட்யூப்லைட் மினுக்குகிறது, கதவு ரப்பர் பிய்ந்துவிட்டது, ஃபினாயில் தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான் பேசுவார்.

இரண்டாவது தொடக்கம்: "அவர் கதவைத் தட்டினார்."

இது பரவாயில்லை. அத்தான் எந்தக் கதவையும் தட்டாமல் திறக்கமாட்டார், குளிரறைக் கதவு உட்பட. கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். "யாராவது உள்ள வாங்கன்னு சொல்லிடப் போறாங்க அண்ணே." அத்தானும் சிரிப்பார். "உள்ள ஆள் இருக்காங்கல்ல. மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?"

(அக்காவின் அடிக்குறிப்பு: "கல்யாணத்தன்னிக்கு எங்க ரூம் கதவையும் தட்டினார். உள்ள யாரும் இல்ல. நான் அவர் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்.")

3.

இனி நடந்தது.

வருடந்தோறும் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் அத்தான்தான் வேதபாடம் வாசிப்பார். கர்த்தர் உயிர்த்தெழுந்து கல்லறை காலியாக இருந்த பகுதி. கணீரென்ற குரல். போன வருடமும் வாசித்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக வேலைக்குப் போனார். பிணவறை வராந்தா பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேக்கரியில் வேலை பார்த்த அவருடைய மகன் வெள்ளிக்கிழமை விபத்தில் இறந்து உள்ளே இருந்தான். கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டு, அந்த அம்மா அங்கேயே ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"திறங்க தம்பி."

"பாக்கணுமாம்மா?"

"பாக்கறதுக்கில்ல. கூட்டிட்டுப் போறதுக்கு."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா விடவில்லை.

"காலையில கோயில்ல வாசிச்சது நீங்கதானே? கடைசி வரிசையில நின்னு கேட்டேன். வாசிச்சதும் நீங்க, சாவி வச்சிருக்கறதும் நீங்க. திறங்க."

அத்தான் கதவருகே போனார். தட்டக் கை எழவில்லை. தட்டாமல் திறக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்த அம்மாவே எட்டித் தட்டினார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

இந்த இடத்தில் அத்தான் குழாயை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

4.

நேற்று சனிக்கிழமை மத்தியானம் முடிவுகளை எழுதினேன்.

முடிவு அ: திறக்கிறார். மகன் கிடந்தபடியே கிடக்கிறான். தாய் கதறுகிறாள். (நம்பும்படி இருக்கிறது. ஆனால் இதை ஈஸ்டர் கதை என்று கொடுத்தால் இதழாசிரியர் என்னை உயிரோடு விடமாட்டார்.)

முடிவு ஆ: திறக்கிறார். மகன் எழுந்து உட்கார்ந்து (அடித்துவிட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லாததை எழுதி யாரை ஏமாற்றுவது? ஆனால் 'நம்பிக்கை இல்லாததை' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். செத்த சரீரம் உயிர்த்தெழும் என்கிற விசுவாசப்பிரமாணத்தை வாரந்தோறும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவள் நான். எனக்குப் பயமாகிவிட்டது. இந்த அடைப்புக்குறியை மட்டும் அடிக்காமல் விடுகிறேன்.)

முடிவு இ: "திறக்காமலேயே அந்தத் தாயின் உள்ளத்தில் ஓர் அமைதி"

கதவு தட்டும் சத்தம். அத்தான். நின்றபடியே வாசித்தார்.

"மூணும் தப்பு."

"அப்ப என்னதான் நடந்துச்சு?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்னு பொய் சொல்லிட்டு ஓடிட்டேன். ஜெனரேட்டர் ரூம் பின்னாடி போய் உக்காந்துட்டேன். வேற ஆள்தான் திறந்து காமிச்சான். கூட்டிட்டுப் போக வந்தவங்க தூக்கிட்டுப் போனாங்க."

"அவங்க அழறதைப் பாக்க முடியாமத்தானே போனீங்க?"

"அப்படி எழுதிடாத. அவன் எழுந்து நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்து ஓடினேன். இத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன், நிஜமா நடந்திருக்கும்னு நினைச்சு ஒரு தடவகூட வாசிச்சதில்ல. அந்த அம்மா பக்கத்துல நின்னப்பதான் மொதல் தடவயா நம்பினேன். நம்பினதும் கால் நிக்கல."

கல்லறைக்குப் போன பெண்களும் பயந்துதானே ஓடினார்கள் என்றேன்.

"அவங்க ஓடிப்போய் யார்கிட்டயாவது சொன்னாங்க. நான் யார்கிட்ட சொன்னேன்?"

5.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்தான் அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை. ஆனால் இந்த வருடமும் அவர்தான் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டது அந்த அம்மா. முன்வரிசையில் உட்காரப்போகிறாராம்.

இந்த அம்மாவை எனக்கு எழுதத் தெரியவில்லை. மன்னித்துவிட்டதால் கேட்டாரா, ஊர் முன்னால் நிறுத்திவைத்துப் பார்ப்பதற்காகக் கேட்டாரா? மன்னிக்கிறவராக எழுதிப் பார்த்தேன், பொம்மை மாதிரி இருந்தார். பழிவாங்குகிறவராக எழுதினேன், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர் இல்லை.

"நாளைக்குப் போனா வாசிப்பேன். போகலன்னா இனி எப்பவும் கோயிலுக்குப் போகமாட்டேன்" என்றார் அத்தான். அவர் சொன்னால் சொன்னதுதான். அக்கா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள்.

6.

இப்போது ஞாயிறு, இன்னும் விடியவில்லை. கோயிலில் முதல் மணி அடித்தாகிவிட்டது. இந்த வரியை எழுதும்போது என் அறைக் கதவு

தட்டுகிறார். வெள்ளைச் சட்டையில் நின்றால் நானும் கூடப் போக வேண்டும், முடிவு ஆ-வை அடித்த கையோடு. வீட்டு உடுப்பில் நின்றால் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

தாழ்ப்பாள் போடவில்லை. நான் ஒரு குரல் கொடுத்தால் போதும். பதில் வராமலே கதவைத் திறக்கிற பழக்கம் அவருக்கு ஆஸ்பத்திரியில் மட்டும்தான்.

வாசகரே, அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மறுபடியும் தட்டுகிறார். உள்ளே ஆள் இருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது என்று நான் சொல்லியாக வேண்டும்.