மெஷினுக்கு ஒரு கைமடி

"உனக்கு அசதி வருமாம்மா?" என்று சூப்பர்வைசர் நாச்சிமுத்து ஒருமுறை வேலுமணியைக் கேட்டார்.

அவள் பனியன் கம்பெனியில் சேர வந்த அன்று கேட்டது அது. வராதுங்கண்ணா என்றாள். அதற்காகவே வேலை கொடுத்தார்கள்.

இப்போது அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். இந்தமுறை வரும் என்று சொல்ல வேண்டும்.

டெய்லர்களை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெஷினை வைத்திருந்தார்கள். அது வெட்டும், தைக்கும், பிசிறு எடுக்கும், மடித்துப் பெட்டியிலும் போடும். அதற்கும் டெய்லர் என்றுதான் பெயர். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த துணியை வாங்கி மடித்து வைக்கிறவர் கைமடி. கைமடி இல்லாத டெய்லரைத் திருப்பூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே மெஷினுக்கும் ஒரு கைமடி போட்டாக வேண்டும்.

"மடிக்கறதெல்லாம் அதே மடிச்சுக்குது," என்றார் நாச்சிமுத்து. "அசதி ஒண்ணுதான் அதுக்கு வர மாட்டேங்குது. அதைக் கைமடி பாத்துக்கோணும்."

"எங்க ரெண்டு பேருக்குமுங்களா?" என்று வேலுமணி கேட்டாள்.

"ஒரு மெஷினுக்கு ஒரு அசதிதான். யாருக்கு அதிகமா வருதோ அவங்களுக்கு வேலை. தூங்கிட்டா மட்டும் செல்லாது. தூங்குனா அசதி தீந்து போயிரும். கம்பெனிக்கு நஷ்டம்."

இன்னொருத்தி தெய்வானை. லைன் வீட்டில் வேலுமணிக்கு அடுத்த கதவு. மற்ற கைமடிகள் எல்லோரும் போய்விட்டார்கள்.

மெஷின் வந்ததிலிருந்து மாடியிலிருந்த முதலாளியின் அறை மேலே போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டு அதனோடு போகவில்லை. கூலி பேசப் போனவர்கள் கடைசிப் படியில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். தையல் கூடம் அதே வேகத்தில் கீழே இறங்கியது. முன்பு சன்னலில் வேப்பமரம் தெரியும். பிறகு சைக்கிள்கள் தெரிந்தன. இப்போது தெருவில் நடப்பவர்களின் செருப்புகள் தெரிந்தன.

"மொதலாளி நல்லா இருக்காருங்களா?" என்று தெய்வானை கேட்டாள்.

"நேத்து மேல இருந்து ஒரு ஆப்பிள் தோல் விழுந்துச்சு. நல்லாத்தான் இருப்பாரு," என்றார் நாச்சிமுத்து.

இருவரும் மெஷினின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மெஷின் தைத்தது. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அசதி முதலில் கெண்டைக்காலுக்கு வந்தது. பிறகு தோளுக்கு ஏறியது. மெஷினில் பக்கத்துக்கு ஒரு விளக்கு இருந்தது; அதிகம் அசந்தவர் பக்கத்து விளக்கு எரிய வேண்டும். தெய்வானையின் விளக்கு உடனே எரிந்தது. டபுள் ஷிப்ட் பார்த்த அசதியை எல்லாம் அவள் அப்படியே வைத்திருந்தாள். தீபாவளி லீவில்கூட எடுத்துச் செலவழித்ததில்லை.

"ஏனக்கா, கொஞ்சம் கம்மியா அசந்தா ஆகாதா?"

"நானென்ன வேணும்னா பண்றேன்? தானா வருது புள்ள. நீ நோம்பிக்கு வளத்த கெடா மாதிரி தெம்பா உக்காந்திருக்கற."

வேலுமணி சிரித்தாள். சிரித்ததில் அசதி இன்னும் குறைந்தது. பயமாக இருந்தது. இந்த வேலை போனால் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டும். நிறுத்தி அனுப்புவதற்கும் எங்கும் வேலை இல்லை. தெய்வானைக்கு வீட்டில் எழுந்திருக்க முடியாத புருஷன். அதை நினைக்காமலிருக்க வேலுமணி சன்னலில் செருப்புகளைப் பார்த்தாள்.

திரும்பியபோது தெய்வானையின் தலை சாய்ந்துகொண்டிருந்தது.

டபுள் ஷிப்டில் ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் அவள் காதில் "ஊசி" என்பாள். அந்த ஒரு சொல் போதும். விரலில் ஊசி ஏறிவிடும் என்ற பயத்தில் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். எத்தனையோ ராத்திரி தெய்வானை அவளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

சொல் வேலுமணியின் வாய்வரை வந்தது. விழுங்கினாள். தொண்டையில் குத்திக்கொண்டு நின்றது.

தெய்வானை தூங்கிவிட்டாள். அந்தப் பக்கத்து விளக்கு அணைந்தது. இந்தப் பக்கம் எரிந்தது.

நாச்சிமுத்து வந்து கைகொடுத்தார். "இனி நீதான் அசதி. கைவெச்ச சேர் போடச் சொல்றேன்."

மெஷின் வேகமெடுத்தது. எங்கோ மேலே முதலாளியின் அறை இன்னும் ஒரு மாடி ஏறும் சத்தம் கேட்டது. கூடம் இறங்கியது. சன்னலின் கீழ்ப்பாதியில் மண் தெரிந்தது.

தெய்வானை கண் விழித்தாள். எல்லா அசதியும் தீர்ந்திருந்தது. அவ்வளவு தெளிந்த முகத்தை வேலுமணி அவளிடம் பார்த்ததே இல்லை. சின்னப் பெண் போல இருந்தாள்.

"கூப்புட்டேன்க்கா," என்றாள் வேலுமணி. "உனக்குக் கேக்கல."

தெய்வானை அவள் தொண்டையைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். ஒவ்வொன்றாக, ஒன்று விடாமல் எடுத்தாள். வேலுமணியால் கையைத் தூக்கித் தடுக்க முடியவில்லை. அவ்வளவு அசதி.

தெய்வானை சோற்று வாளியை எடுத்துக்கொண்டாள். முக்காலியைச் சன்னலுக்குக் கீழே போட்டு ஏறி, அதன் வழியே வெளியே போனாள். தெருவில் போகிற கால்களுக்கு நடுவே அவள் கால்களும் நின்றன. பிறகு நடந்து போயின.