பேனரில் ஏறிய முகம்

ஆத்தூர் மலைச்சாமியின் முகம் ஐம்பத்தெட்டு வருடங்களாக எந்தக் கேமராவிலும் விழுந்ததில்லை. நேரில் பார்ப்பவர்களுக்கு மூக்கும் முழியுமாகத்தான் இருப்பார். படத்தில் மட்டும் சட்டைக் காலருக்கு மேலே, அவருக்குப் பின்னால் என்ன இருந்ததோ அதுதான் தெரியும். வாக்காளர் அட்டையில் பள்ளிக்கூடச் சுவர், கல்யாணப் படத்தில் பாதி வாழைமரம். பூந்தோட்டக்காரருக்குப் படம் எதற்கு என்று ஊரும் விட்டுவிட்டது. மகள் கீர்த்தனாவுக்குத் தொப்பம்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் சிக்கல் வந்தது. கல்யாண பேனரில் பெண்ணின் அப்பா படம் இல்லையென்றால், பார்க்கிறவர்கள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைப்பார்கள். மலைச்சாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேனர் அச்சடிக்கும் இனிகோ, கணினியில் படம் வரையும் ஏஐ செயலிகள் மூன்றைத் திறந்து, மலைச்சாமியின் மனைவி சண்முகவள்ளி சொன்ன அடையாளங்களை மூன்றிலும் ஒன்றுபோல எழுதினான். முதல் செயலி நொடியில் வரைந்தது; மாநிறத்தை வெளுத்து, பற்பசை விளம்பரத்துக்குப் போகிற ஆளாக்கிவிட்டது. இரண்டாவது மயிர்க்கால் வரை தத்ரூபம். ஆனால் வயதையும் விபூதியையும் பார்த்துத் தானாகவே கழுத்தில் சந்தன மாலை போட்டுவிட்டது. "அடப் பாவி, இருக்குற மனுசனுக்கா மாலை போடுற!" என்று சண்முகவள்ளி திரையைப் பார்த்துக் கத்தினாள். மூன்றாவது மந்தம், ஆனால் சொன்னதைக் கேட்கும். "அடையாளம் போதும்க்கா. மனுசன் எப்படின்னு சொல்லுங்க," என்றான் இனிகோ. "கோவம் வந்தா பேசமாட்டாரு, கீழ் உதட்டைக் கடிச்சுக்குவாரு. மக பேரைச் சொன்னா மூக்கு விடைக்கும். எனக்குக் காய்ச்சல்னா அவரு கண்ணு செவந்துரும்." முப்பது வருடமாக இவள் தன்னை இவ்வளவு பார்த்திருக்கிறாளா என்று வாசலில் நின்ற மலைச்சாமி அவளையே திரும்பிப் பார்த்தார். திரையில் முகம் மெதுவாக ஊறி வந்தது. உள்ளிருந்து மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. இனிகோ துணியால் துடைத்துவிட்டு எட்டுக்குப் பத்து அடியில் அச்சடித்தான்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அந்த முகம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா மலைச்சாமியை அதுவரை பார்த்ததில்லை. பேனரை ஒரு முறை பார்த்தார், இவரை ஒரு முறை பார்த்தார். "ஏனுங்க, நீங்கதானுங்களே பொண்ணோட அப்பா? படத்துல இருக்கறாப்லயே இருக்கறீங்க." வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. மலைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மேலே பேனரிலும் கன்னம் நனைந்து, கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, கீழே கிடந்த செருப்புகள் ஈரமாயின. பெரியப்பா தன் செருப்பை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, சம்பந்தியின் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போனார்.