ஊதுற ஹீட்டரும் ஈர மேசையும்

எங்கள் மரப்பட்டறையில் குளிர்காலம் வந்தால் முதலில் நடுங்குவது நானல்ல, என் வார்னிஷ்தான். அடித்தது காயாது. காய்ந்தாலும் பால் படிந்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். அப்படி வெளுத்த நாற்காலிகள் வாங்கியவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தன. பட்டறைக்கு முதலாளி என் அண்ணன். நாற்காலிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பழியைத் தூக்கி என் தலையில் போட்டான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எல்லாம் உன் கைதான் சரியில்ல. கேக்க ஆளில்லாம உனக்குக் குளிர் விட்டுப் போச்சு!"

"விடலையே அண்ணே! அதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!"

நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்த கடைசல்காரர் சிரிப்பை மறைக்க இருமினார். அந்த இருமல் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஹீட்டர் வாங்கிப் போடுகிறேன், அதற்கப்புறமும் ஒரு சாமான் திரும்பி வந்தால் வார்னிஷ் வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். பாவாடை கட்டிய வயதிலிருந்து வார்னிஷ் வாசனையில் வளர்ந்தவள் நான். வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது.

ஆகவே, எந்த ஹீட்டர் என்பது எனக்குப் பிழைப்புப் பிரச்சினை. அண்ணனுக்கு அது பக்கத்துப் பட்டறைக்காரனோடு போட்டி. அந்த ஆள் பெரிய ஊதுற ஹீட்டர் ஒன்று வைத்திருந்தான். சுவிட்சைத் தட்டினால் சூடான காற்று மூலை வரை அடிக்கும். ஆனால் அவன் தட்டுவது தகரம், நாங்கள் அறுப்பது மரம். ஜன்னல் விளிம்பு, விளக்கு, அண்ணனின் புருவம் என்று எங்கள் பட்டறையில் மரத்தூள் படியாத இடமே கிடையாது. அதன் நடுவே காற்றை ஊதினால் தூள் எங்கே போய் உட்காரும்? என் ஈர வார்னிஷ் மேல்தான். பழி எங்கே போய் உட்காரும் என்று கேட்கவே வேண்டாம். நான் கேட்டது சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய். காற்று அசையாது, தூள் எழும்பாது.

"வெந்நீரா? இது பட்டறையா, குளியலறையா?" என்றான் அண்ணன். "அது சூடாகறதுக்குள்ள குளிர்காலமே முடிஞ்சிரும்."

"ஊதுனா தூள் பறக்கும்ணே."

"பறந்தா? வழி விசாரிச்சுக்கிட்டு உன் வார்னிஷ் மேலதான் வந்து உக்காருமா?"

செவிடன் காதில் சங்கு ஊதினேன். அவனோ ஹீட்டர் ஊதினால்தான் கேட்பேன் என்று நின்றான்.

ஹீட்டர்காரர் ஊதுற ஹீட்டரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துப் போகிறேன் என்றார். அண்ணனுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் ஆசை வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கென்று அவனே இழைத்த சாப்பாட்டு மேசை ஒன்று தயாராக இருந்தது.

"இதுக்கு நானே வார்னிஷ் அடிக்கிறேன். கை சரியா இருந்தா எப்படி வரும்னு பாரு."

பிரஷ்ஷைக் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்தான். முகம் பார்க்கலாம் போலிருந்தது. குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வார்னிஷ் அடித்து முடித்தவர் "ஈரம்!" என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லா இயந்திரமும் நிற்கும், துடைப்பம்கூட அசையாது. அடித்தவர் மட்டும்தான் கத்தலாம், அடுத்தவர் மூக்கை நுழைக்கக் கூடாது. சட்டம் போட்டவன் அண்ணன். பிரஷ்ஷைத் தொட்டு வருஷக்கணக்கான அந்த மகராசன் கத்த மறந்துவிட்டான்.

கடைசல்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். யாரும் கத்தாததால் அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே ஓட்டினார்.

"போடுங்க!" என்றான் அண்ணன்.

ஹீட்டர்காரர் போட்டார். சூடு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூலை முடுக்கில் தூங்கிக்கிடந்த தூளெல்லாம் கூடவே எழுந்து வந்தது. கடைசல் தூளும் சேர்ந்துகொண்டது. என்ன சத்தம் என்று பார்க்க அலுவலக அறையிலிருந்து வந்த அண்ணி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, மேசைக்கு ஏன் தாடி முளைச்சிருக்கு?"

கடைசல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஹீட்டர்காரர் சத்தம் போடாமல் சுவிட்சை அணைத்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. மேசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. மகளுக்காகச் செய்த மேசை. நான் ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தால் தப்பியிருக்கும். பாவமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

"வெந்நீர்க் குழாய் போட எப்ப ஆள் அனுப்புவீங்க?" என்று ஹீட்டர்காரரிடம் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "நல்ல கை அடிச்சாலும் இடம் கெடுத்தா கெட்டுத்தான் போகும். அந்த நாற்காலியும் அப்படித்தான். இவ மேல தப்பில்ல. வார்னிஷ் வெளிய எங்கயும் போகாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூள் என்று சொன்னேன். ஆனால் அதற்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணே, நீ ஈரம்னு கத்தல. நான் கவனிச்சேன். வேணும்னேதான் சும்மா இருந்தேன்."

"தெரியும். பொறந்ததுலேருந்து நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. மூடினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

உப்புத்தாளை எடுத்து மேசைக்கடியில் வைத்தான். "காஞ்சதும் நான் தேய்ச்சுத் தரேன், நீ அடி. சம்பந்தி கேட்டா மட்டும் அடிச்சது நான்னுதான் சொல்வேன்."

"சொல்லிக்கோ அண்ணே," என்றேன். "பொய் இல்லையே, நீயும்தானே ஒரு தடவை அடிச்ச."