கற்பூரம் பற்றாத மழை

அன்றைக்கு அடித்த காற்றில் என் கார்டு தொப்பி பறந்துபோய்ப் பனமலைக் கோயில் விமானத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். இப்போது இருக்காது, குரங்கு எடுத்துப் போயிருக்கும். நான் சொல்வதில் பாதிதான் சொந்தச் சரக்கு. பயந்ததாகச் சொல்லும் இடமெல்லாம் சுத்தமான நிஜம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பாசஞ்சருக்கு நான் கார்டு. வண்டி முழுக்க மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். மஞ்சள் சேலை, வேப்பிலை, எலுமிச்சம்பழம், யாரோ வெட்டாமல் திருப்பிக் கொண்டுவந்த ஒரு சேவல். எண்ணூறு பேர் இருப்பார்கள். சரி, இருநூறு.

புயல் காலையிலேயே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைத்துளியும் உரிக்காத மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கனம். ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு உள்ளே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரியலூரில் பாலம் உடைந்து ரயில் ஆற்றுக்குள் விழுந்த விபத்து நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மழை, அந்தப் பாலம், அந்த ஆறு. அதற்குப் பிறகு மழைநாளில் ரயிலுக்குள் யாரும் அந்த ஊர்ப் பேரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டும் என்றால் ‘அந்த ஊரு’ என்பார்கள். ராத்திரியில் பாம்பைப் பேர் சொல்லாத மாதிரி.

வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே வண்டி நின்றது. தந்திக் கம்பி அறுந்து, அடுத்த ஸ்டேஷனோடு பேச்சு மூச்சு இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பாண்டுரங்கன் இரண்டு மணி நேரம் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடும் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். கடைசியில், ஆள் நடக்கிற வேகத்தில் பார்த்துப் போகலாம் என்று டிரைவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு எழுதலாமா என்று என்னைக் கேட்டார். கார்டு நீங்க சரின்னா நானும் சரி என்றார். டிரைவர் கோதண்டபாணியும் அதையேதான் சொன்னார். ஆக, முடிவு என் தலையில்.

அப்போதுதான் இருதயமேரி வந்தாள். முகையூர்ப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் சவரிமுத்து, விழுப்புரம் பக்கமாக ஒன்றரை மைல் தள்ளி இருக்கிற ஏரி வடிகால் பாலத்துக்கு மழைக்காலக் காவலாள். விடிய விடியப் பாலத்தைக் காத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து, அவள் கொண்டுவரும் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவான். இப்போது மணி பதினொன்று. தூக்குப் பாத்திரத்தை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக நின்றாள்.

“கார்டு ஐயா, அவரு கூழுக்கு வரலீங்க. பதினோரு வருசத்துல ஒரு நாளு தப்புனதில்லீங்க. வண்டிய வுடாதீங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். உன் கூழுக்குப் பயந்துகினு எங்கேயாவது மரத்தடியில் ஒதுங்கியிருப்பான் என்றேன். பாண்டுரங்கனும் சிரித்தார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஆனால் ஸ்டேஷன் ஓட்டுக்கூரை அப்பளம் மாதிரி நொறுங்கிப் பறந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்து வேப்பமரம் வண்டியின் மேல் விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நிற்கவும் பயம், போகவும் பயம். போகிற பயம் விழுப்புரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஒரு கூலிக்காரன் பெண்டாட்டி பேச்சுக்கு ரயிலை நிறுத்தினேன் என்று எந்த ஆபீசருக்கு எழுதுவது?

போகலாம் என்றேன். எஞ்சின் நீளமாகக் கூவியது. பச்சைக் கொடியை எடுத்தேன்.

பெண்கள் பெட்டியிலிருந்து ஒரு அலறல் வந்தது.

ஓடினேன். எப்போது ஏறினாளோ, அந்தப் பெட்டிக்குள் இருதயமேரி தலைவிரி கோலமாகச் சுழன்றுகொண்டிருந்தாள். யாரோ ஒருத்தியின் வேப்பிலை அவள் கையில். உடம்பு பம்பரம், கண் இரண்டும் குங்குமம். முனியம்மாள் என்ற கிழவி முதல் ஆளாகக் காலில் விழுந்து, மலையனூராளே, எந்தக் குத்தமானாலும் பொறுத்துக்க தாயே என்று அழுதாள். பெட்டியே காலில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் அந்தச் சுழற்சி நின்றது.

“டேய் கார்டு. விழுப்புரத்துக்குச் சீட்டு வாங்கி வச்சிருக்காங்க எம்புள்ளைங்க. நீ எங்கடா இட்டுக்கினு போற? அரியலூருக்கா?”

அந்தப் பேர் காதில் விழுந்ததும் பெட்டிக்குள் காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் ஒரு ஆள் வண்டியில் இல்லை. பிள்ளையும் மூட்டையும் சேவலுமாகக் கொட்டுகிற மழையில் எல்லாரும் பிளாட்பாரத்தில் குதித்துவிட்டார்கள்.

அவள் மறுபடி தலையைச் சுழற்றியபோது, ரவிக்கைக்குள்ளிருந்து ஜெபமாலை துள்ளி வெளியே விழுந்தது. கறுப்பு மணி, நுனியில் சின்னச் சிலுவை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சட்டென்று அதை உள்ளே தள்ளினாள். அந்தக் கண்ணில் அம்மனும் இல்லை, யாரும் இல்லை. புருஷனைக் காணாத ஒரு பெண்தான் இருந்தாள்.

ஒரு வார்த்தை போதும், அவளைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுக்க. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நிஜமாகவே அம்மன் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முழந்தாள் போடுகிறவள், வராத அம்மனை வரவழைத்துக்கொண்டு என்னை ‘டேய்’ என்கிறாள் என்றால், ஒன்றரை மைலுக்கு அப்பால் என்ன இருக்கும்? கால் தானாக மடங்கியது. என்ன செய்யணும் தாயே என்றேன்.

“நீ முன்னால நட. வண்டி அப்புறம் வரட்டும்.”

நடந்தோம். கையில் சிவப்புக் கொடியோடு நான், பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள், நடுவில் தூக்குப் பாத்திரத்தோடு அம்மன். இரண்டு பக்கமும் வயல் இல்லை, கடல். ரயில் மேடு மட்டும் கறுப்பாக நீண்டு கிடந்தது. தண்ணீருக்குத் தப்பிய பாம்பெல்லாம் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஒன்றும் எங்களைக் கடிக்கவில்லை, அதுகளுக்கும் பயம். அறுந்த தந்திக் கம்பி காற்றில் முனகியது, யாரோ மூக்கால் அழுகிற மாதிரி. என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே வேறு யாரோ பின்னால் வருகிற மாதிரி கேட்டது.

பாலம் தெரிந்தது. தண்டவாளம் நேராக, ஒழுங்காக, பளபளவென்று இருந்தது. அதைவிடப் பயங்கரமாக நான் எதையும் பார்த்ததில்லை. ஏனென்றால் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஏரி உடைத்துக்கொண்டு, பாலத்தை ஒட்டிய மண்மேடு நாற்பதடிக்குக் காணாமல் போயிருந்தது. இரண்டு இரும்பும் கட்டைகளும் ஏணியைப் படுக்கப்போட்ட மாதிரி அந்தரத்தில் தொங்கின. கீழே செம்மண் தண்ணீர் கொதித்துக்கொண்டு ஓடியது. ஆள் நடக்கிற வேகத்தில் வந்திருந்தாலும் கோதண்டபாணிக்கு இது தெரிந்திருக்காது. எஞ்சின் ஏறியபிறகுதான் தெரிந்திருக்கும்.

அந்த ஏணியின் நடுவில் ஒரு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். சவரிமுத்து.

பாவி மனுஷன் இக்கரைக்கு வர வழியில்லாமல் அக்கரையில் பத்திரமாகத்தான் நின்றிருக்கிறான். எங்கள் எஞ்சின் கூவியது கேட்டிருக்கிறது. வண்டி வருகிறது என்று, எங்களை மறிக்க அந்தத் தொங்கலில் தவழ ஆரம்பித்துப் பாதியில் கை விறைத்துவிட்டது. நான் உத்தரவு கொடுத்து ஊதிய ஊதல். பல்லுக்கு நடுவே சிவப்புக் கொடி. எங்களைப் பார்த்தும் அதை விடவில்லை.

கூட வந்தவர்கள் மஞ்சள் வேட்டிகளை அவிழ்த்து முறுக்கி முடிச்சுப் போட்டார்கள். கோவணத்தோடு பதினைந்து பேர் புயலில் நின்றதைப் பார்த்து எவனும் சிரிக்கவில்லை. நுனியை வீசினோம். எட்டியது. ஆனால் அவன் கையை எடுக்க மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு காற்றுக்கும் இரும்பு ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு கட்டை கழன்று கீழே போனது, விழுந்த சத்தமே கேட்கவில்லை. அப்போது என் பக்கத்தில் அம்மன் போய்விட்டாள், பெண்டாட்டி பேசினாள்.

“யோவ், கீழ பாக்காத. என்னைப் பாரு. கூழு எடுத்தாந்திருக்கேன், வா.”

அவன் அவளைப் பார்த்தான். ஒரு கையை எடுத்தான். முடிச்சைப் பிடித்தான். இழுத்தோம்.

அவனைக் கரையில் போட்டுக் கூழை வாயில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆண்கள் அவளைச் சுற்றிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டான். அவள் மெதுவாக என் பக்கம் நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஐயா, இப்ப எப்படிங்க மலையேறுறது?”

வந்த சாமி உடம்பை விட்டுப் போக, அதாவது மலையேற, கற்பூரம் ஏற்ற வேண்டும். இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருந்தவன் எடுத்துக் கொடுத்தான். ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்தது, அந்த மழையில் ஒன்றும் பற்றவில்லை. கூட்டம் கவலையோடு என்னைப் பார்த்தது. ஆத்தா இப்போதைக்குப் போகிற மாதிரி இல்லை, வழிவிடுங்கள் என்று சொல்லி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

என் ரிப்போர்ட்டில் வண்டி தாமதமான காரணம் என்ற இடத்தில், ‘பாலக் காவலாள் கூழ் குடிக்க வரவில்லை’ என்று எழுதினேன். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது.

அதற்கப்புறமும் யாரும் அவளுக்குக் கற்பூரம் ஏற்றியதாகத் தெரியவில்லை. அதனால் பணியில் இருந்த வரைக்கும், மழை நாளில் அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றால், முதலில் அவள் கையில் தூக்குப் பாத்திரம் காலியா என்று பார்ப்பேன். காலியாக இருந்தால்தான் கொடியை எடுப்பேன்.