ஹேப்பிக்குப் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை

1

"நீங்கள்லாம் சந்தோஷமா இருக்கியளா?"

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கும் பொன்செல்வியிடம் ஒருவர் இப்படிக் கேட்டார். இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. கோபத்தில் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நன்றாக வரும் என்பார்கள். ஆறவிட எனக்கு இஷ்டமில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில்

(வேண்டாம். ஆற்றைக் காட்டினால் உங்களுக்கு மனம் குளிர்ந்துவிடும்.)

கேட்டவர் குருபிரசாத். பாளையங்கோட்டையில் பிரெஞ்சு டியூஷன் எடுப்பவர். முதலாளி தாணுமாலையனின் தங்கை மகன்; அன்றைக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். பக்கத்தில், அப்பளம் கொள்முதல் செய்ய வந்த பிரெஞ்சுக்காரி நின்றாள். 'ஹேப்பியான பெண்கள் கையால் செய்தது' என்று பாக்கெட்டில் முதலாளி ஆங்கிலத்தில் போட்டிருந்தார். அதைப் பிரெஞ்சில் அச்சடிக்கும்முன் அது நிஜமா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

பிழை இங்கேதான் நடந்தது. படியேறி வந்தவளிடம் எங்கள் பக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. புருஷன் அடித்து வீங்கிய கன்னத்தோடும், குறை ஒன்றுமில்லை, காப்பி குடியுங்கள் என்றுதான் சொல்வார்கள். இவளையும் விருந்தாளி என்றே நினைத்தார்கள். பொன்செல்வியும் அதையே சொன்னாள்.

3

குறை இருந்தது. அப்பளக்காரம்* போட்ட மாவை நாள் முழுக்கப் பிசைந்து, கூட வேலை பார்க்கும் இசக்கிச்செல்விக்கு உள்ளங்கை உரிந்துவிட்டது. சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். புண் ஆறும்வரை அவளைப் பாக்கெட் போடுகிற வேலைக்கு மாற்றும்படி பொன்செல்வி போய்க் கேட்டாள். தாணுமாலையன் புதுப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"ஒரு குறையும் இல்லன்னு நீங்கதானட்டி சொன்னிய? பிரெஞ்சிலயே அச்சடிச்சாச்சு. முடியலன்னா அவள வீட்ல இருக்கச் சொல்லு."

மறுநாள் முதல் இசக்கிச்செல்விக்கு வேலை இல்லை.

(* அப்பளம் பொரிவதற்காகச் சேர்க்கிற உப்பு. பாக்கெட்டில் அதன் பெயர் இருக்கும். கையை அரிக்கும் என்று இருக்காது.)

4

குருபிரசாத்தை முழு வில்லனாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வில்லனாக இருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் பிரெஞ்சில் என்னவென்று போட்டீர்கள் என்று பொன்செல்வி போய்க் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. ஹேப்பிக்குப் பிரெஞ்சில் சின்ன வார்த்தை ஒன்று, பெரிய வார்த்தை ஒன்று உண்டாம். சின்னது, இப்போதைக்குத் திருப்தி என்கிற அளவு. பெரியது, வாழ்க்கையே நிறைந்தவர்களுக்கு.

"பாக்கெட்ல பெரிசுதான் எடுப்பா இருந்துச்சு."

"சின்னதும் நாங்க சொல்லலியே சார்."

அவர் முகம்

(முடிக்கப்போவதில்லை. அவர் முகம் எப்படிப் போனது என்று எழுதினால் நீங்கள் அவருக்காக இரக்கப்படுவீர்கள்.)

5

பிரெஞ்சுக்காரி மறுபடி வந்தாள். கூடவே தாணுமாலையனும் குருபிரசாத்தும் நின்றார்கள். பொன்செல்வி மாவுக் கையோடு எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"அன்னைக்கு விருந்தாளின்னு அப்படிச் சொல்லிட்டோம். நாங்க சந்தோஷமா இல்ல. கை வெந்த பிள்ளைய வேலைய விட்டு அனுப்பிட்டாவ. இத அப்படியே அவியகிட்ட சொல்லுங்க சார்."

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குருபிரசாத் அப்படியே சொல்கிறார். இசக்கிச்செல்விக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. நானே அதை நம்பவில்லை. இன்னொன்றில், பெண்கள் நன்றி சொல்கிறார்கள் என்று மாற்றிச் சொல்கிறார். அதை நம்பினேன், அதனால் கிழித்தேன்.

மிச்சம் இதுதான். பிரெஞ்சுக்காரி பதிலுக்குக் காத்து நிற்கிறாள். படிக்கிற உங்களில் யாருக்காவது அந்த மொழி தெரிந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள். சின்ன வார்த்தையே போதும்; அதுகூட இல்லை என்று சொல்லுங்கள். ஏனென்றால் குருபிரசாத் தன் மாமாவை ஒருமுறை பார்த்தார், பையை எடுத்துத் தோளில் மாட்டினார், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.